வாசலில் கிடப்பவன்

1935, ஜூன் 11

வின்டர்கோம்ப். லண்டனிலிருந்து மதியம் வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இருபுறமும் வேலி. வேலிக்குப் பின்னால் மாடுகள். அவை மட்டும் நிமிர்ந்து பார்த்தன.

வீட்டின் முன்வாசலை இடித்துப் போட்டிருக்கிறார்கள். பக்கவாட்டுக் கதவு வழியாக வரச் சொன்னார்கள். முன்வாசல் இருந்திருந்தால் அந்த வழியாகவே விட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சர் ரெஜினால்ட் கார்ஸ்வெல் எழுபதை நெருங்குகிறார். எங்கள் பக்கத்தில் கலெக்டராக இருந்தவர். நாற்காலியிலிருந்து எழாமல் தமிழில் சொன்னார்:

"ஏலே, வாலே. உக்காரு."

குதிரைக்காரனிடமும் பங்கா விசிறி இழுப்பவனிடமும் பேசிப் பழகிய தமிழ். வா, போ, கொண்டா, நிறுத்து. அதற்கு மேல் இல்லை. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு ஜில்லாவை ஆண்டிருக்கிறார். மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன். உட்கார்ந்தேன்.

என் பெயர் ஆவுடையப்பன். இந்த வீட்டில் மிஸ்டர் அப்பன். கிழவர், தோட்டக்காரன், படுக்கை விரிக்க வரும் பெண் எல்லோரும் என்னை அப்பன் என்கிறார்கள். நான் யாரையும் திருத்தவில்லை.

ஜூன் 12

வேலை இதுதான். கார்ஸ்வெல்லுக்குத் தன் வீட்டு முகப்பில் ஒரு கோயில் மண்டபம் வேண்டும். நான்கு தூண்கள், தூண் தலையில் உத்தரம் தாங்கும் போதிகைகள், மேலே கூரை விளிம்பாக வளைந்து இறங்கும் கொடுங்கை. உள்ளூர்க் கொத்தர் ஹாப்ஸ் இந்த ஊர் மஞ்சள் கல்லில் செதுக்குவார். கார்ஸ்வெல் முகாம்களில் மாலை நேரத்தில் வரைந்து வைத்த படங்கள் இருக்கின்றன. அழகான படங்கள். ஒன்றின் அளவும் இன்னொன்றோடு சேராது. அவற்றைக் கட்டக்கூடிய வரைபடமாக்கி, கோடைகாலம் முழுதும் கொத்தர் பக்கத்தில் நிற்க ஓர் இந்திய மாணவன் தேவை என்று எங்கள் கட்டடக்கலைப் பள்ளிக்குச் சொல்லியனுப்பியிருந்தார்.

நான் ஏன் வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். படிப்பு முடிந்துவிட்டது. ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்தால்தான் பட்டம். என் வரைபடங்களைப் பார்த்த அலுவலகங்கள் வரச் சொல்லின. என்னைப் பார்த்ததும் இடம் இல்லை என்றன. கார்ஸ்வெல்லின் அத்தை மகன் பென்ரோஸ் லண்டனில் பெரிய அலுவலகம் வைத்திருக்கிறார். கண்ணாடியும் கான்கிரீட்டுமாகக் கட்டுகிறவர். நான் கட்ட விரும்புவதும் அதையே.

"வேலை முடியட்டும். பென்ரோஸிடம் ஒரு வார்த்தை சொல்கிறேன்" என்றார் கார்ஸ்வெல்.

அந்த ஒரு வார்த்தைக்காக வந்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் இலையுதிர்காலத்தில் கப்பல். பட்டம் இல்லாமல்.

ஜூன் 15

என்னுடைய வரைபடம் ஒன்றைக் காட்டினேன். இரண்டு மெல்லிய இரும்புக் கால்கள், மேலே ஒரே தகடாகக் கான்கிரீட் கூரை. வேறு எதுவும் கிடையாது.

கார்ஸ்வெல் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பெட்ரோல் விற்கப் போகிறோமா, மிஸ்டர் அப்பன்?"

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஓர் இந்தியனைக் கேட்டேன். ஜெர்மன்காரனை அனுப்பியிருக்கிறார்கள்." இந்த மொட்டைக் கான்கிரீட் பாணி ஜெர்மனியிலிருந்து வந்தது என்பது அவர் குத்தல்.

ஆபரணம் எனக்குப் பிடிக்காது. சுவருக்குத் தன் வேலையில் நம்பிக்கை போனபின் தோன்றுவது அது. சிறு வயதில் கோயிலுக்கு இழுத்துப் போவார்கள். தூண்களை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அவற்றிலிருந்து தப்பித்துத்தான் கப்பல் ஏறினேன். இங்கே வந்து அவற்றுக்கு அளவு எடுக்கிறேன்.

ஜூன் 20

சமையல்காரர் தமிழர். மரியதாஸ். பாளையங்கோட்டை. கார்ஸ்வெல் ஓய்வு பெற்றபோது கூடவே கப்பலில் வந்தவர். இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை, அல்லது படாமல் இருந்திருக்கிறார். இன்று சமையலறைப் பக்கம் வெந்நீர் கேட்கப் போனேன்.

"என்ன வே, தொரகூட மேசையில ஒக்காந்தா சாப்பாடு எறங்குதா?"

"இறங்குகிறது."

"எறங்கும், எறங்கும். எங்கையால வச்சதுல்லா." பாத்திரத்தை என் பக்கம் தள்ளினார். "நீரே எடுத்துக்கிடும். இங்க யாரும் கொண்டாந்து வைக்க மாட்டா."

'வே' என்பது எங்கள் பக்கம் சமமானவர்களுக்குள் வழங்குவது. ஊரில் இவர் என்னை அப்படி அழைத்திருக்க மாட்டார். அது எனக்கு ஒரு பொருட்டே அல்ல. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

இனி வெந்நீர் தேவைப்படாது. குளிர்ந்த நீரே போதும்.

ஜூன் 28

ஹாப்ஸோடு சண்டை.

போதிகையின் முனையில் வாழைப்பூ தொங்க வேண்டும். தலைகீழாக, நுனி தரையைப் பார்த்து. ஹாப்ஸ் இரண்டு தூணுக்குச் செதுக்கி முடித்திருந்தார். எல்லா மொட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

"படத்தில் தப்பு சார். நான் சரி பண்ணிட்டேன்" என்றார். "மொட்டு மேலே பார்த்துத்தான் நிற்கும். கீழே தொங்கினால் செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

வாழையைப் பார்த்திராத மனிதர். மரப் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து காட்டினேன். தண்டு, தார், தாரின் கனத்தில் வளையும் காம்பு, காம்பின் நுனியில் பூ. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"உங்க ஊரில் மரமெல்லாம் தலைகீழாத்தான் வளருமா?"

கார்ஸ்வெல் கைத்தடியோடு வந்தார். யாருக்குத் தெரியப்போகிறது, அப்படியே விடு என்றார். நான் விடவில்லை. குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். இரண்டையும் உடைத்துவிட்டுப் புதிதாகச் செதுக்க வேண்டும் என்று ஆயிற்று. கிழவர் என்னை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

வரைபடம் ஒன்று, கட்டடம் ஒன்று என்று இருக்கக் கூடாது. அதற்காகத்தான். வாழைப்பூவுக்காக அல்ல.

ஜூலை 6

குதிரை லாயத்தில் வைக்கோலுக்கு அடியில் ஒரு கல் இருந்தது. கார்ஸ்வெல் தானே வைக்கோலைத் தள்ளினார்.

கருங்கல் பலகை. ஓர் ஆள் நீளம். அதன்மேல் புடைப்பாக ஒரு மனிதன். குப்புற விழுந்து கிடக்கிறான். கைகள் தலைக்கு மேல் நீண்டு குவிந்திருக்கின்றன. குடுமி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. முதுகு தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது.

சாலை போடும்போது ஆற்றங்கரையில் ஓர் இடிந்த மண்டபத்தை வெட்டினார்களாம். அதன் தரையில் கிடந்ததாம். அவர் கப்பலேற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"கலகம் செய்த பாளையக்காரன்" என்றார். "கம்பெனிப் படைக்கு முன்னால் விழுந்து உயிர்ப்பிச்சை கேட்கிறான். இவனைத்தான் வாசலில் பதிக்கப் போகிறேன். வருகிறவர்கள் எல்லாம் மிதித்துக்கொண்டு வரட்டும்."

அவன் கலகக்காரன் அல்ல. மண்டபத்தைக் கட்டியவன். கோயிலுக்கு ஒரு வாசலோ மண்டபமோ கட்டுகிறவன் தன் உருவத்தைத் தரையில் இப்படிச் செதுக்கச் சொல்வான். சாமி கும்பிட வருகிறவர்களின் காலடி என்றென்றைக்கும் தன்மேல் பட வேண்டும் என்பது அவன் ஆசை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தெரியும், அவ்வளவுதான். அந்த முதுகு தேய்ந்தது எத்தனை ஆயிரம் வெறுங்கால்களால் என்பதும் தெரியும்.

கார்ஸ்வெல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லின் கனம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன்.

ஜூலை 9

தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஹாப்ஸ் கேட்டார். வருகிறவரைப் பார்த்தா, வீட்டைப் பார்த்தா?

உள்பக்கம் என்றேன். கோயிலில் அவன் தலை கருவறையை நோக்கியே இருக்கும். சரியான பதில்தான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கதவைத் திறந்தால் நேரே சாப்பாட்டு அறை. மேசையின் தலைமாட்டில் கார்ஸ்வெல்லின் நாற்காலி. அவன் கும்பிடுவது இனி அதை.

மதியத்துக்குமேல் ஒரு கோடும் நேராக வரவில்லை.

ஜூலை 14

கல்லைப் பதித்துவிட்டார்கள். கார்ஸ்வெல் பூட்ஸோடு அதன்மேல் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

மரியதாஸ் தேநீர்த் தட்டை ஏந்தி அந்த வழியாக வந்தார். கல்லின் நடுமுதுகில் கால் வைத்து நடந்து போனார். திரும்பி வரும்போது என்னிடம் நின்றார்.

"காலையிலருந்து பாக்கேன். நீரு மட்டும் சுத்திச் சுத்திப் போறீரு. சாமியே இல்லன்னு மேசையில பிரசங்கம் பண்ணுத ஆளுல்லா நீரு?"

"ஈரம். வழுக்கும்."

"ஆமா ஆமா. ஒமக்கு மட்டும் வழுக்கும்."

ஜூலை 22

மழை. வேலை இல்லை.

ஜூலை 23

மழை. கொடுங்கையின் வளைவில் தண்ணீர் திரண்டு விளிம்பிலிருந்து ஒரே வரிசையாகச் சொட்டுகிறது. தூணில் ஒரு துளி படவில்லை. இந்த வளைவைக் கண்டுபிடித்தவன் முட்டாள் அல்ல.

ஜூலை 30

இரவு உணவுக்குப் பாதிரியாரும் அவர் மனைவியும். கார்ஸ்வெல் கலகக்காரனின் கதையைச் சொன்னார். கதை வளர்ந்திருக்கிறது. இப்போது அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, எரிந்த கோட்டை ஒன்று இருக்கிறது.

"அப்படித்தானே, மிஸ்டர் அப்பன்?"

எல்லா முள்கரண்டிகளும் நின்றன. பென்ரோஸிடம் சொல்லப்பட வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் சொல்லப்படவில்லை.

"சர் ரெஜினால்டுக்கு அந்த ஜில்லா மிக நன்றாகத் தெரியும்" என்றேன்.

மரியதாஸ் என் தோளுக்குப் பின்னால் குனிந்து உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தார். என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல. ஒம்மள வக்கீலுக்கு அனுப்பியிருக்கணும் வே."

ஆகஸ்ட் 3

பென்ரோஸுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். இப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்கிறேன்.

"எழுதியிருக்கிறேன். வாசல் திறக்கும் விருந்துக்கு அவனே வருகிறான். உன்னைப் பார்க்கட்டும்." பிறகு தமிழில், நாயிடம் சொல்வது போல: "ஓடு. வேலையப் பாரு."

ஓடவில்லை. நடந்தேன்.

ஆகஸ்ட் 17

விருந்து. வெயில். புல்வெளியில் தொப்பிகள். இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் பாதிப் பேர். கர்னல்கள், ஒரு வனத்துறை அதிகாரி, ஒரு நீதிபதியின் விதவை. பென்ரோஸ் உயரமான மனிதர், சிவந்த கழுத்து. தூண்களைத் தட்டிப் பார்த்தார். போதிகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "யார் வரைந்தது?" என்று ஹாப்ஸிடம் கேட்டார். ஹாப்ஸ் என்னைக் காட்டினார். பென்ரோஸின் பார்வை என்மேல் வந்து நின்று, நகர்ந்தது.

கார்ஸ்வெல் படியில் நின்று கைதட்டினார். கலகக்காரனின் கதை. கோட்டை, தீ, சரணாகதி. பிறகு கைத்தடியால் என்னைச் சுட்டினார்.

"முதலில் நம் மிஸ்டர் அப்பன் நடந்து வரட்டும். புதிய இந்தியா பழைய இந்தியாவின்மேல் நடந்து வருவதை நாம் பார்ப்போம்." சிரிப்பு. "ஏலே, வாலே! மிதி!"

இந்தியாவில் இருந்தவர்களுக்கு அந்தச் சொற்கள் புரிந்தன. அவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

கல்லின் விளிம்புவரை போனேன். நின்றேன்.

"ஒரு சிறு திருத்தம்" என்றேன். "இவன் கலகக்காரன் அல்ல. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாசலைக் கட்டுகிறவன் தன் உருவத்தையே இப்படிக் குப்புறச் செதுக்கி அதில் பதித்துக்கொள்வான். வருகிறவர்கள் எல்லாரும் தன்னை மிதிக்கட்டும் என்று. இந்த வாசலைக் கட்டியவர் சர் ரெஜினால்ட். ஆகவே இங்கே கிடப்பது அவர்தான்."

எங்கோ ஒரு கிண்ணம் தட்டில் பட்டது. கார்ஸ்வெல்லின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே வந்தது. இந்தக் கோடையில் நான் அடைந்த ஒரே மகிழ்ச்சி அது. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் இருந்தது.

பிறகு பென்ரோஸ் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ரெஜி! கீழே கிடப்பது நீயா?"

அவர் முன்னால் வந்தார். கல்லின்மேல் ஏறி நின்று, பூட்ஸை இருமுறை தேய்த்தார். "மதிய வணக்கம், ரெஜி." உள்ளே போனார். நீதிபதியின் விதவை பாவாடையைச் சற்றுத் தூக்கிக் குதிகாலை வைத்தாள். "வலிக்கிறதா, சர் ரெஜினால்ட்?" அதன்பின் ஒரு வரிசையே உருவாகிவிட்டது. ஆளுக்கொரு வசனம், ஆளுக்கொரு மிதி. குழந்தைகள் இரண்டுமுறை வந்தார்கள்.

வரிசை முடியும்போது எல்லோரையும்விட உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தவர் கார்ஸ்வெல்.

அடிக்கத்தான் அந்தச் சொல்லை எறிந்தேன். பந்து என்று நினைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லோரும் உள்ளே போனபின் புல்வெளியில் நானும் ஹாப்ஸும் மட்டும் இருந்தோம்.

"அது நிஜமா சார்?"

"பாதி."

மீதிப் பாதியை அவர் கேட்கவில்லை. மீதி இதுதான். அவன் கேட்டது கும்பிட வருகிறவர்களின் காலடியை. அதை நான் சொல்லாமல் விட்டேன். விட்டதால்தான் அவர்களால் சிரிக்க முடிந்தது.

ஆகஸ்ட் 18

காலை உணவு. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். மேசையில் கார்ஸ்வெல், பென்ரோஸ். இருவரும் உற்சாகமாக இருந்தார்கள்.

"உனக்குக் கடிக்கவும் பல் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று" என்றார் கார்ஸ்வெல். கோபமே இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பென்ரோஸ் முட்டையை உடைத்துக்கொண்டே பேசினார். நேற்று அங்கேயே இருவர் அவரிடம் இதேபோல வாசல் கேட்டுவிட்டார்களாம். தூண், கொடுங்கை, எல்லாம். வாசலில் தாங்களே படுத்திருக்க வேண்டுமாம். இந்தியாவிலிருந்து திரும்புகிறவர்கள் எல்லோரும் வீடு கட்டுகிறார்கள். இது பரவும்.

"செப்டம்பரில் வந்து சேருங்கள். உங்களுக்கென்று ஒரு மேசை. ஜூனில் ரெஜி எழுதியபோது முடியாது என்று சொல்லியிருந்தேன், தெரிந்திருக்கும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்களோ என்று இருந்தது. இப்போது அவர்கள் உங்களுக்காகவே வருவார்கள்."

"கான்கிரீட் வேலைகள்?"

"அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்."

கார்ஸ்வெல்லைப் பார்த்தேன். "ஜூனிலேயே உங்களுக்குத் தெரியுமா?"

ரொட்டியின் ஓரம்வரை வெண்ணெய் தடவினார். "சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாயா?"

மாலைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி எழுந்தேன். சமையலறைக்குப் போனேன். மரியதாஸ் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"பென்ரோஸ் ஜூன்லயே முடியாதுன்னு சொல்லிட்டானாம்" என்றேன்.

"தெரியும். கடுதாசிய மேசையிலதான வாசிச்சுச் சிரிச்சாவ. நீரு அன்னைக்கு ஆப்ஸ்கூட கல்லு பாக்கப் போயிருந்தீரு."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அவர் கை நிற்கவில்லை.

"நீரு என்னைக்கு எங்கிட்ட பேசுனீரு வே? வெந்நி கேட்டு ஒருக்கா வந்தீரு. ஒரு வார்த்த மொற வச்சிக் கூப்புட்டேன். மொகம் இப்படிச் சுண்டிப்போச்சி. பொறவு இந்தப் பக்கம் எட்டிப் பாத்தீரா?" இறகுகளைக் கூடைக்குள் தள்ளினார். "பச்சத்தண்ணியில குளிச்சிக்கிட்டு கெடந்தீரு. தெரியாதுன்னா நெனச்சீரு?"

உடனே வெளியேறவில்லை. அவர் ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்காரவில்லை.

"போவப் போறீராக்கும் அவன்ட்ட?"

"தெரியவில்லை."

"போவீரு" என்றார். இகழ்ச்சி இல்லை. நாளை மழை வரும் என்பதுபோலச் சொன்னார். "நானும் இப்படித்தான் ஒரு நாள் யோசிச்சேன். கப்பல்ல ஏறதுக்கு முன்ன."

ஆகஸ்ட் 19

சரி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 9

லண்டன். என் மேசை பின்னறையில். ஜன்னல் உண்டு. முன்னறையில் ஒரு மருத்துவமனை வரைகிறார்கள், முழுதும் கண்ணாடி. அந்த வழியாகப் போகும்போது மெதுவாக நடக்கிறேன்.

செப்டம்பர் 26

வாழைப்பூ. யாளி. வாழைப்பூ.

அக்டோபர் 14

இன்று என் முதல் வாடிக்கையாளர். கர்னல் ட்ரென்ச். பர்மாவிலும் எங்கள் பக்கத்திலும் படையில் இருந்தவர். சர்ரே பகுதியில் வீடு கட்டுகிறார். தூண் எத்தனை, என்ன கல் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. தரையில் கிடக்கும் உருவம் மட்டும் தன்னைப் போலவே இருக்க வேண்டும். பார்த்ததும் நண்பர்கள் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டும்.

அளவு எடுக்க வேண்டும் என்றேன்.

"எப்படி?"

"படுக்க வேண்டும்."

பென்ரோஸ் கதவருகே நின்று சிரித்துவிட்டுப் போனார். நான் தரையில் வரைதாளை விரித்தேன். கர்னல் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். நான் அதை வாங்கி ஆணியில் மாட்டினேன். அவர் முழங்காலிட்டு, முனகிக்கொண்டே, குப்புறச் சரிந்து படுத்தார். கனமான மனிதர். தலையில் நடுவில் முடி இல்லை.

"இப்படியா?"

"கைகளைத் தலைக்கு மேல் நீட்டுங்கள். குவியுங்கள்."

நீட்டினார். குவித்தார்.

"இப்போது?"

"நெற்றி தரையில் படவில்லை."

படவைத்தார். அவர் மூச்சில் தாளின் ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தது. நான் அவர் தலைமாட்டில், என் ஷூவின் நுனிக்கு அருகே அந்தக் கைகள் இருக்கும்படி நின்றேன். அங்கிருந்துதான் கோணம் சரியாக வந்தது.

"கண்ணியமாகத் தெரிகிறதா?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"மிகவும்."

பென்சிலைச் சீவினேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. நான் அவசரப்படவில்லை.